பெரிய மெமரி கார்டு வாங்கும் முன்: நீலகிரியில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் முதலில் கேட்பது, “128 ஜிபி போதுமா, 256 வாங்கிவிடலாமா?” என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த வகைக் கார்டு, யாரிடம் வாங்குவது, எந்தத் தேதிக்குள் சோதிப்பது என்ற மூன்றும் முடிவானால் கொள்ளளவு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஓர் ஆன்லைன் விற்பனையாளர் எனக்கு 256 ஜிபி என்று அனுப்பிய கார்டுக்குள் இருந்தது 32 ஜிபிதான். கோத்தகிரி லாங்வுட் சோலையில் எடுத்த நீலகிரிச் சிரிப்பான் பறவையின் படங்களில் பெரும்பாலானவை சாம்பல் பட்டைகளாக வந்தன. பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கம் இருப்பவர்களின் நடைமுறைக்கு ஏற்ற மாதிரி வரிசையாகத் தருகிறேன்.

1. கேமராவின் கையேட்டைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதலாவது, எந்த வடிவக் கார்டு. பெரும்பாலான கேமராக்களில் சாதாரண எஸ்டி கார்டுதான். விலை கூடிய சில மாடல்களில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டு போடுவார்கள். அதிலும் ‘டைப் ஏ’, ‘டைப் பி’ என்று இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று மற்றதன் துளையில் நுழையாது.

இரண்டாவது, எந்தத் தலைமுறை வரை அது படிக்கும். எஸ்டிஎச்சி என்றால் 32 ஜிபி வரை. எஸ்டிஎக்ஸ்சி என்றால் அதற்கு மேல் 2 டிபி வரை. எஸ்டிஎக்ஸ்சி தரம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் வெளியான கேமராக்களுக்கு 64 ஜிபி கார்டு என்றால் என்னவென்றே தெரியாது. செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி90 வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. அதில் 32 ஜிபி வரைதான் போட முடியும். பெரிய கார்டைப் போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று கார்டைக் குறை சொல்லக் கூடாது.

மூன்றாவது, துளை யூஎச்எஸ் ஒன்றா, யூஎச்எஸ் இரண்டா. கேமராவுக்கும் கார்டுக்கும் இடையே படம் போகும் வேகத்துக்கான தரம் இது. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யூஎச்எஸ் ஒன்றின் உச்ச வேகம் நொடிக்கு 104 எம்பி. யூஎச்எஸ் இரண்டில் 312 எம்பி. இரண்டாம் வகைக் கார்டை முதல் வகைத் துளையில் போடலாம், வேலையும் செய்யும், ஆனால் பழைய வேகத்திலேயே. நிக்கான் டி3500, சோனி இசட்வி-இ10 இரண்டும் யூஎச்எஸ் ஒன்று வகை. இவற்றுக்குப் பல மடங்கு விலை கொடுத்து யூஎச்எஸ் இரண்டு கார்டு வாங்குவதில் ஒரு லாபமும் இல்லை. கடைக்காரர் “இது ஃபாஸ்ட்டுங்க, ஃபியூச்சருக்கு ஆகும்” என்பார். அடுத்த கேமரா வாங்கும்போது அடுத்த கார்டை வாங்கிக்கொள்ளலாம்.

கையேடு கையில் இல்லையென்றால் கேமரா கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். விவரப் பட்டியலில் ‘ரெக்கார்டிங் மீடியா’ என்ற வரியில் மூன்றும் இருக்கும்.

2. கார்டின் முகத்தில் அச்சாகியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இரண்டு அங்குலம்கூட இல்லாத அட்டையில் அரை டஜன் குறிகள் இருக்கும். அவற்றில் உங்களுக்கு வேண்டியவை இரண்டோ மூன்றோதான்.

பெரிய எழுத்தில் ‘200 எம்பி’ என்று இருக்கிறதே, அது படிக்கும் வேகம். அதாவது கார்டிலிருந்து லேப்டாப்புக்குப் படங்களை இறக்கும்போது கிடைக்கக்கூடிய உச்சம். அதுவும் அந்தக் கம்பெனியின் தனி ரீடர் (கார்டைக் கணினியோடு இணைக்கும் கருவி) இருந்தால்தான். சற்று முன் சொன்ன 104 என்ற எல்லையை நினைவில் வைத்தால், யூஎச்எஸ் ஒன்று கார்டில் 200 எப்படி வருகிறது என்ற சந்தேகம் உங்களுக்கே வரும். கம்பெனி தன் கார்டுக்கும் ரீடருக்கும் இடையே தனியாக ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் கேமராவுக்கு அந்த ஏற்பாடு தெரியாது.

படம் எடுப்பவருக்கு வேண்டியது எழுதும் வேகம். அது சிறிய எழுத்தில் பின்னட்டையில் இருக்கும், சில சமயம் இருக்காது. 200 என்று முகத்தில் போட்ட ஒரு பிரபலமான 128 ஜிபி கார்டின் எழுதும் வேகம் 90தான். அதுவும் ‘அதிகபட்சம்’ என்ற சொல்லோடு.

‘அதிகபட்சம்’ என்ற பேச்சே இல்லாமல் ‘குறைந்தபட்சம்’ சொல்லும் குறி ஒன்று உண்டு. அதுதான் வி என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும். வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்று பொருள். வி60, வி90 அதே கணக்கு. யூ என்ற கிண்ணம் போன்ற குறிக்குள் 3 இருந்தால் அதுவும் 30தான். உள்ளே 1 இருந்தாலோ, வட்டத்துக்குள் 10 இருந்தாலோ, வெறும் 10 எம்பி. வி60, வி90 இரண்டும் யூஎச்எஸ் இரண்டு வகைக் கார்டுகளில்தான் வரும்.

ஏ1, ஏ2 என்று இருப்பது செல்போனில் ஆப் ஓடுவதற்கான தரம். கேமராவுக்குச் சம்பந்தமில்லை. பழைய கார்டுகளில் ‘633எக்ஸ்’ என்பதுபோல் இருக்கும். ஒரு எக்ஸ் என்பது 150 கேபி. பெருக்கினால் 95 எம்பி வரும். அதுவும் படிக்கும் வேகமாகவே இருக்கும்.

வீடியோ எடுப்பவர்கள் ஒரு விஷயத்தில் குழம்புவார்கள். கேமரா மெனுவில் ‘100 எம்பிபிஎஸ்’ என்று இருப்பது மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. ஆகவே 4கே வீடியோவை இந்தத் தரத்தில் எடுப்பவருக்கு வி30 தாராளம். 400 எம்பிபிஎஸ் எடுக்கும் கேமரா வைத்திருந்தால் 50 எம்பி வேண்டும், அப்போதுதான் வி60 பக்கம் போக வேண்டியிருக்கும்.

பறவை எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 24 மெகாபிக்சல் ரா படம் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் படம்) ஒன்று ஏறக்குறைய 28 எம்பி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குப் பத்துப் படம் அடித்தால் 280 எம்பி. எந்த யூஎச்எஸ் ஒன்று கார்டும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. படங்கள் முதலில் கேமராவின் உள் நினைவகத்தில் நிற்கும், அப்புறம் கார்டுக்குப் போகும். நாற்பது படம் அங்கே நின்றால், 30 எம்பி வேகத்தில் எழுதும் கார்டு அதைக் காலி செய்ய அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 80 எம்பியில் எழுதினால் 14 நொடி. சீகாரப் பூங்குருவி ஓடைக் கல்லில் வந்து உட்காரும் நேரம் அதற்குள் முடிந்துவிடும். பறவைக்காரர்கள் வி30 குறியைப் பார்த்தால் மட்டும் போதாது, எழுதும் வேகம் 80, 90 எம்பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் செருகிக் கேமராவில் போடலாமா? போடலாம், அவசரத்துக்கு. வழக்கமாகச் செய்ய வேண்டாம். கேமராவுக்கும் கார்டுக்கும் நடுவே இன்னொரு தொடர்பு முனை சேர்கிறது. அது தளர்ந்தால் ‘கார்டு எரர்’ வரும்.

3. கொள்ளளவைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

128 ஜிபியில் மேலே சொன்ன ரா படங்கள் சுமார் 4,500 கொள்ளும். ஜேபெக் மட்டும் என்றால் பன்னிரண்டாயிரம் வரை போகும். 4கே வீடியோ 100 எம்பிபிஎஸ் தரத்தில் மணிக்கு 45 ஜிபி, ஆகவே இரண்டே முக்கால் மணி நேரம். ஒரு படகர் வீட்டுத் திருமணத்தைக் காலையிலிருந்து மாலை வரை ரா-வில் எடுப்பவருக்கும் 128 நிறையவே மிச்சமிருக்கும்.

ஒரே 256 வாங்குவதைவிட இரண்டு 128 நல்லது. ஒன்று கெட்டாலோ சோலைக்குள் விழுந்து தொலைந்தாலோ பாதியாவது மிஞ்சும். மலையில் இன்னொரு காரணமும் உண்டு. கார்டு போய்விட்டால் அன்று மாலையே வேறு ஒன்று வாங்கிவரப் பக்கத்துத் தெருவில் கடை இருக்காது. கேமராவில் இரண்டு துளைகள் இருந்தால் இரண்டிலும் ஒரே படத்தை எழுதும்படி வைத்துவிடுங்கள். அப்போது இரண்டு கார்டும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். கேமரா மெதுவான கார்டுக்காகக் காத்திருக்கும்.

கணினியில் போட்டால் 128 ஜிபி கார்டு 119 என்று காட்டும். பயப்பட வேண்டாம். கார்டு கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. 64 என்றால் 59.6 வரும், 256 என்றால் 238. இந்த அளவு குறைவது சாதாரணம். இதைப் பார்த்துப் போலி என்று திருப்பி அனுப்பிவிட்டு அலைய வேண்டாம்.

4. பணம்

பெயர்பெற்ற கம்பெனியின் 128 ஜிபி வி30 கார்டு 1,500 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள் கிடைத்து வந்தது. சிப் விலை ஏறி இறங்குவதால் வாங்கும் வாரத்தில் மூன்று நான்கு இடங்களில் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையில் போட்டிருக்கும் எம்ஆர்பி எப்போதும் அதைவிட மிக உயரத்தில் இருக்கும். எழுபது சதவீதத் தள்ளுபடி என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, அதே கார்டு மற்ற நம்பகமான இடங்களில் என்ன விலை என்பதை மட்டும். பாதி விலைக்கு ஒருவர் கொடுத்தால் அது அந்தக் கார்டு இல்லை. 1 டிபி ஐந்நூறு ரூபாய் என்று வரும் விளம்பரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யூஎஸ்பி 3 கார்டு ரீடருக்கும் 500 முதல் 1,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். பழைய ரீடரை வைத்துக்கொண்டு வேகமான கார்டு வாங்குவது, ஊட்டி மலை ரயிலுக்குப் பின்னால் போய்க்கொண்டே கார் வேகத்தைப் பேசுவது மாதிரி.

5. எங்கே, எப்போது, என்னென்ன காகிதத்தோடு வாங்குவது

நமக்கு மூன்று வழிகள். ஊரிலேயே செல்போன் கடையிலோ ஸ்டுடியோவிலோ வாங்கலாம். கீழே இறங்கிக் கோவையில் கேமரா கடையில் வாங்கலாம். ஆன்லைனில் வரவழைக்கலாம்.

ஊர்க் கடையில் பெரும்பாலும் மைக்ரோ எஸ்டிதான் இருக்கும். முழு அளவு எஸ்டி இருந்தாலும் பழைய சரக்காக, வட்டத்துக்குள் 10 குறியோடு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் தெரிந்த கடைக்காரர் என்றால் சொல்லி வைத்து வரவழைக்கலாம். அவர் கடையை மூடிவிட்டு எங்கும் போய்விட மாட்டார் என்பதே ஒரு வாரண்டி.

கோவையில் கேமரா விற்கும் கடை, அதாவது கேமரா கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடை, என் கணக்கில் முதலிடம். இருநூறு முந்நூறு ரூபாய் கூடுதலாக இருக்கும். போக வர ஒரு நாள் போகும். வேறு வேலையோடு சேர்த்து வைத்துக்கொண்டால் அந்தச் செலவு தெரியாது.

ஆன்லைனில் வாங்கினால் விற்பனையாளர் யார் என்று பாருங்கள். கார்டு கம்பெனியின் பெயர் பக்கத்தின் தலைப்பில் இருக்கும், விற்பவர் வேறு ஒருவராக இருப்பார். கம்பெனியின் சொந்த விற்பனை நிலையமா, இல்லையென்றால் கம்பெனியின் தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இன்னொரு சூட்சுமம்: ஒரே பக்கத்தில் பத்து விற்பனையாளர்கள் இருப்பார்கள், விலையைப் பொறுத்து முன்னால் வருபவர் மாறுவார். நேற்று பார்த்தவரே இன்றும் இருக்கிறாரா என்று பணம் கட்டும் பக்கத்தில் கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

அதோடு ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லையும் ‘ரீப்ளேஸ்மென்ட்’ என்ற சொல்லையும் பிரித்துப் படியுங்கள். முன்னது பணம் திரும்பும். பின்னது இன்னொரு கார்டு வரும், பெரும்பாலும் அதே விற்பனையாளரிடமிருந்தே. காலக்கெடு வழக்கமாக 7 நாளோ 10 நாளோ. அது ஆர்டர் போட்ட நாளிலிருந்து இல்லை, ‘டெலிவரி ஆனது’ என்று பதிவான நாளிலிருந்து. ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) எஸ்டேட் லைன்களிலும் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கூரியர்காரர் பார்சலை ரோட்டோரக் கடையில் கொடுத்துவிட்டு ‘டெலிவரி’ என்று போட்டுவிடுவார். உங்கள் கைக்கு வரும்போது இரண்டு மூன்று நாள் போயிருக்கும். ஆர்டர் போடும்போதே டவுனில் வேலை செய்யும் சொந்தக்காரர் யாருடைய முகவரியையாவது கொடுப்பது உத்தமம்.

எப்போது வாங்குவது? மே மாத மலர்க் கண்காட்சிக்கு என்றால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் கார்டு கையில் இருக்க வேண்டும். சீசனில் மலைப்பாதை நெரிசலில் பார்சல் தாமதமாகும், சோதிக்கவும் உங்களுக்கு நேரம் இருக்காது. ஜூன், ஜூலையில் கூடலூர் பக்கமும், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகளிலும் மழையில் மண் சரிந்தால் போக்குவரத்தே நின்றுவிடும். பண்டிகைத் தள்ளுபடி விற்பனைகள் நடப்பதும் அந்தச் சமயத்தில்தான். வாங்குங்கள், ஆனால் காலக்கெடு நீளமாக உள்ள விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

காகிதங்கள். ஜிஎஸ்டி பில் கட்டாயம். அதில் விற்பவரின் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண், கார்டின் மாடல், கொள்ளளவு எல்லாம் இருக்க வேண்டும். “மெமரி கார்டு, 1” என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு வாரண்டிக்கு உதவாது. நேரில் வாங்கினால் கார்டின் பின்புறத்தில் உள்ள வரிசை எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சலித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. இறக்குமதி சரக்கு என்றால் பாக்கெட்டில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, புகார் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் சட்டப்படி இருக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள்.

‘லைஃப்டைம் வாரண்டி’ என்று போட்டிருந்தாலும் அது கார்டுக்குத்தான், உள்ளே இருந்த படங்களுக்கு இல்லை. பில்லை உடனே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் பில் தாள் இந்த ஊர் ஈரத்தில் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும்.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். முகவரி ஒட்டியிருக்கும் பக்கத்தில் தொடங்கி, நிறுத்தாமல், சீலை வெட்டி, கார்டை இரண்டு பக்கமும் காட்டி முடியுங்கள். இடையில் நிறுத்தி மறுபடி எடுத்த வீடியோவை ஏற்க மறுக்கிறார்கள்.

6. கார்டு வந்த அன்றே முழுக்க எழுதிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

போலிக் கார்டு எப்படி ஏமாற்றுகிறது என்று தெரிந்தால் சோதனை ஏன் வேண்டும் என்பது புரியும். உள்ளே சின்ன சிப்தான் இருக்கும். ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் இன்னொரு சிப்பில், கேட்டால் 256 என்று சொல் என எழுதி வைத்திருப்பார்கள். கேமராவும் கணினியும் அதை நம்பும். ஃபார்மேட் செய்தாலும் 256 என்றே காட்டும். முதல் சில நூறு படங்கள் சுத்தமாக வரும். உண்மையான கொள்ளளவு தீர்ந்த பிறகு வரும் படங்களை அது எங்கும் எழுதாது, அல்லது பழையவற்றின் மேலேயே எழுதிவிடும். ஃபைல் பெயரும் அளவும் பட்டியலில் சரியாக இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஆகவே நாலு படம் எடுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. கடைசி ஜிபி வரை நிரப்ப வேண்டும்.

முதலில் கண்ணால் ஒரு சோதனை. யூஎச்எஸ் இரண்டு என்று சொல்லி விற்றிருந்தால் கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத் தொடர்பு முனைகள் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். ஒரே வரிசை என்றால் மேலே என்ன அச்சிட்டிருந்தாலும் அது யூஎச்எஸ் இரண்டு இல்லை. அச்சு மங்கலாக இருக்கிறதா, எழுத்துரு மாறியிருக்கிறதா என்று பார்ப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. போலி அடிப்பவர்களின் அச்சகம் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது.

அப்புறம் விண்டோஸ் லேப்டாப்பில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். ஒரு ஜெர்மன் கணினிப் பத்திரிகையின் தயாரிப்பு, நிறுவ வேண்டியதுகூட இல்லை. திறந்ததும் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். காலியான கார்டைத் தேர்ந்தெடுத்து, முழு இடத்தையும் சோதிக்கும்படி வைத்து, ‘ரைட் பிளஸ் வெரிஃபை’ பொத்தானை அழுத்துங்கள். ஒவ்வொரு ஜிபியாக எழுதி நிரப்பும், பிறகு எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு ‘எஃப்3’ இதே வேலையைச் செய்யும்.

நேரம்: யூஎஸ்பி 3 ரீடரும் நல்ல கார்டும் இருந்தால் 128 ஜிபிக்கு ஒரு மணி நேரம். பழைய யூஎஸ்பி 2 ரீடர் என்றால் இரண்டரை மணி நேரம்வரை ஆகும். 256க்கு இரட்டிப்பு. மழைக்காலத்தில் கரண்ட் போவதை நம்மால் தடுக்க முடியாது. பேட்டரி முழுதாக இருக்கும் லேப்டாப்பில் செய்யுங்கள், தானாகத் தூங்கப் போகும் அமைப்பை அணைத்து வையுங்கள். லேப்டாப் இல்லாதவர்கள், படம் பிரிண்ட் போடும் ஸ்டுடியோவில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் செய்து தருவார்கள்.

முடிவில் ‘பிழை இல்லாமல் முடிந்தது’ என்ற பொருளில் பச்சைக்கொடி காட்டினால் கார்டு உண்மையான கொள்ளளவு உடையது. கீழே எழுதும் வேகமும் வரும். யூஎஸ்பி 3 ரீடரில் போட்டும் வி30 கார்டு 30ஐ எட்டவில்லை என்றால், கொள்ளளவு சரியாக இருந்தாலும் வேறு கார்டின் அட்டையை ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். இன்னொரு ரீடரில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில சமயம் குற்றவாளி ரீடர்தான்.

கார்டில் கோளாறு என்றால், எவ்வளவு சரி, எவ்வளவு தொலைந்தது என்று எண்ணோடு சொல்லும். அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து வையுங்கள். சோதனைத் தடயத்தை அழிக்காதீர்கள். நல்ல கார்டு என்றால் அதைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்டுப் பயன்படுத்தத் தொடங்கலாம்.

7. போலி என்று தெரிந்தால்

காலக்கெடு முடியவில்லை என்றால் ஆப்பிலேயே திருப்பி அனுப்பும் கோரிக்கை போடுங்கள். காரணம் என்ற இடத்தில் ‘பிடிக்கவில்லை’ என்று எதையாவது அழுத்திவிடாதீர்கள். ‘போலிப் பொருள்’ அல்லது ‘விவரத்தோடு பொருந்தவில்லை’ என்றுதான் இருக்க வேண்டும். சோதனைத் திரையையும் பிரிக்கும்போது எடுத்த வீடியோவையும் இணையுங்கள். பேசுவதை எல்லாம் சாட்டிலோ மின்னஞ்சலிலோ வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னதை மறுநாள் மறுப்பார்கள்.

அங்கே நகரவில்லை என்றால் அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இந்த விதியைக் கடிதத்தில் குறிப்பிட்டால் பதிலின் தொனி மாறுகிறது. அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது நீதிமன்றம் இல்லை, உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். பல புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

அதற்கும் மசியாதவர்கள் மேல் ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, விற்பவர் ஊருக்குப் போக வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வாங்கிய பில், ஆர்டர் பக்கம், வீடியோ, சோதனைத் திரை, கடிதப் போக்குவரத்து, இவ்வளவு போதும். வக்கீல் இல்லாமலும் நடத்தலாம், இணையத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்காக இவ்வளவா என்று தோன்றும். அந்த நினைப்பை நம்பித்தான் அவர்கள் கடை நடத்துகிறார்கள்.

8. மலையில் கார்டைப் பாதுகாப்பது

கார்டுக்குக் குளிர் ஒன்றும் செய்யாது. பல கார்டுகள் மைனஸ் 25 டிகிரி வரை வேலை செய்யும் என்று கம்பெனிகளே சொல்கின்றன. தலைக்குந்தாவில் ஜனவரி உறைபனி அதன் பக்கத்திலேயே வராது. குளிரில் சோர்ந்துபோவது பேட்டரி. படம் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி நின்றால் கார்டின் ஃபைல் பட்டியல் குலையும், பழி கார்டின் மேல் விழும். அதிகாலை உறைபனி எடுக்கப் போகிறவர்கள் மாற்றுப் பேட்டரியை ஸ்வெட்டரின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். படம் எழுதுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும்போது கார்டு மூடியைத் திறக்க வேண்டாம்.

ஈரம்தான் நமக்கு எதிரி. குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழைந்தாலோ, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கினாலோ கேமரா மேல் நீர் பூக்கும். அந்த நேரத்தில் கார்டு மூடியைத் திறந்தால் முனைகளிலும் ஈரம் படியும். உள்ளே வருவதற்கு முன்பே கேமராவைப் பையில் போட்டு மூடி, வந்தபின் அரை மணியோ ஒரு மணியோ அப்படியே விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் கவர் நம் மாவட்டத்தில் கிடைக்காது, அது நல்லதே. ரப்பர் வளையம் உள்ள டிபன் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கார்டுகளை வைத்தால் ஜூலை மாதமும் உலர்வாக இருக்கும்.

படங்களை ஒவ்வொன்றாக அழித்து இடம் பண்ணாதீர்கள். வீடு வந்ததும் இரண்டு இடங்களில் நகல் எடுங்கள், திறந்து பாருங்கள், பிறகு கேமராவில் ஃபார்மேட் செய்யுங்கள். கார்டையே பீரோவில் வைத்துப் படங்களைச் சேமிக்க நினைக்க வேண்டாம், அது அதற்காகச் செய்த பொருள் இல்லை. குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030இல். அதை எடுக்கிறவர் அன்றிரவே நகல் எடுக்க வேண்டும்.

9. படங்கள் காணாமல் போனால்

உடனே கேமராவை அணைத்துக் கார்டை எடுங்கள். அதன்மேல் ஒரு படமும் எடுக்காதீர்கள், ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தவறுதலாக அழித்ததும் ஃபார்மேட் செய்ததும் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளே போதும். மீட்ட படங்களைக் கார்டில் எழுதாமல் லேப்டாப்பில் எழுதச் சொல்லுங்கள். போலிக் கார்டில் போனவை மட்டும் திரும்பாது, அவை எழுதப்படவே இல்லை.

கணினிக்கே தெரியாமல் போன கார்டுக்கு மீட்புக் கூடங்கள் கோவையிலும் சென்னையிலும் உண்டு. கட்டணம் கார்டு விலையைப் போலப் பல மடங்கு வரும். கொடுக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, பரிசோதனைக்குத் தனிப் பணமா? கார்டைக் கூரியரில் அனுப்புவதானால் தடித்த அட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டி, வரிசை எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு அனுப்புங்கள். ஒருமுறை எரர் காட்டிய கார்டு அப்புறம் சரியாகிவிட்டாலும் அதைக் கேமராவில் போடாதீர்கள். மேலே ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, காரில் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம்.